அரூப நீர்வண்ண ஓவியத்தில் அடுக்குகளைப் பார்க்கும் முறை

தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கரேக்குக்கும் அடர்வண்ணத்துக்கும் பழகிய கண், அரூப நீர்வண்ண ஓவியத்தின் முன் நின்றதும் உருவத்தைத்தான் தேடும். அந்தத் தேடலைத் தள்ளிவைத்து, வண்ணம் படாத வெள்ளைத்தாள் எங்கேனும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிசினில் குழைத்த நிறமி மெல்லிய படலமாகக் காய்ந்தபின், ஒளி அதனூடே புகுந்து, தாளில் பட்டு, மறுபடியும் அதனூடே வெளிவருகிறது. ஆகவே படத்தின் வெளிச்சம் தாளிலிருந்தே வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-இல்தான் தெரியவந்தது. அங்கே மேலடுக்கு கீழடுக்கை முற்றிலும் மறைத்திருந்தது; நீர்வண்ணத்தில் கீழடுக்கும் சேர்ந்தே தெரியும்.

அடுத்து, இரு நிறங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு வாருங்கள்; பார்ப்பதன் இன்பத்தில் பெரும்பங்கு அங்கேதான் என்பது என் எண்ணம். மஞ்சள் காய்ந்தபின் அதன்மேல் நீலம் இழுக்கப்பட்டிருந்தால், கடக்கும் இடத்தில் பச்சையும் அதன் பக்கங்களில் தனித்த மஞ்சளும் நீலமும் இருக்கும். தட்டிலேயே கலந்த பச்சைக்கு இந்தச் சாட்சிகள் இரா.

பிறகு விளிம்புகளைத் தொடருங்கள். பூச்சு காயும்போது நிறமி ஓரத்துக்கு ஒதுங்குவதால் அங்கே அடர்ந்த கோடு விழும். மேற்பூச்சின் கோடு தெளிவாக இருந்தால் கீழ்ப்பூச்சு நன்கு காய்ந்திருந்தது என்றும், கசிந்து பரவியிருந்தால் ஈரத்திலேயே வண்ணம் வைக்கப்பட்டது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். (ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்தில் ஒரு பூச்சு காயக் காத்திருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்; சித்திரையிலோ தூரிகையைத் திருப்புவதற்குள் விளிம்பு காய்ந்துவிடும்.)

நிறமிகளின் குணமும் வேறுபடும். அல்ட்ராமரைன் என்னும் நீல நிறமி தாளின் குழிகளில் குருணையாகத் தங்கும். தாலோ நீலம் சாயம்போல் பற்றிக்கொள்ளும். காட்மியம் மஞ்சளைக் கெட்டியாக மேலே பூசினால் அடியில் இருப்பது மங்கும். அடுக்குகள் கூடக்கூடத் திரும்பிவரும் ஒளியும் குறைவதால், எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஓவியரின் தேர்ச்சி தெரியும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் கிளே (Paul Klee) 1921-ஐ ஒட்டி வரைந்த சில நீர்வண்ணங்களில், ஒரே வடிவம் படிப்படியாக வெளிறியும் அடர்ந்தும் செல்வதைக் கண்டால், பூச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் எளிதில் வரும்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகளைக் காண வாய்ப்புக் கிடைத்தால், கண்ணாடியில் விளக்கு எதிரொளிக்காத கோணத்தில் நின்று பாருங்கள். வீட்டில் மாட்டுவதானால் முற்றத்து வெளிச்சம் பரவலாக வரும் சுவரே நல்லது. நேர்வெயில் பட்டால் சில நிறமிகள் வெளுத்து, அடுக்குகளில் ஒன்று மட்டும் காணாமற்போகும்.