காலையில் மட்டும் டிக் டிக்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் டிக் டிக் என்று தட்டினால் பதறாமல், அது எத்தனை நேரம் கேட்கிறது என்று முதலில் கவனியுங்கள். இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால், ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கியதால் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வைத் தள்ளும் சின்னப் பாகம்) காலியாக இருந்திருக்கும், ஆயில் ஏறியதும் சரியாகிவிடும். ஆனாலும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். வால்வு போச்சு என்று நான் ஒரு வாரம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன், கடைசியில் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே!

எஞ்சின் சூடாகச் சூடாகச் சத்தம் மெல்ல மறைகிறதா? அப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் தகட்டைச் சந்தேகப்படுங்கள், அது கெட்டால் புகை கசிந்து டிக் டிக் கேட்கும். சூட்டில் உலோகம் விரிந்து அந்தக் கசிவை அடைத்துவிடும், அதனால்தான் வொர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது சத்தமே இருக்காது, மெக்கானிக் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான். வண்டியை முந்தின நாள் ராத்திரியே வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள், காலையில் மெக்கானிக்கே ஸ்டார்ட் செய்து கேட்கட்டும்.

சூடான பிறகும் நிற்காமல் டொக் டொக் என்று கனத்தால், அல்லது ஆயில் லைட் அணையாமல் இருந்தால், உடனே ஆஃப் செய்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.