ஹலிபக்ஸில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு: வாசற்படியும் அத்திவாரமும்

போன வருடம் மே மாதம் ஒரு தம்பி ஃபோன் எடுத்தார். ஹலிபக்ஸ் நகரின் நோர்த் எண்ட் பகுதியில் நூறு வயது தாண்டிய மரவீடு ஒன்று வாங்கியிருந்தார். "அண்ணை, வாசல்படி போட்டு ரெண்டு வருசம்தான். மேல்தோல் அப்பளம் மாதிரிக் கழருது. போட்டவன் இப்ப ஃபோன் எடுக்கிறானில்லை."

போய்ப் பார்த்தேன். வீட்டுத் திறப்பின் நுனியை விட்டுக் கிளப்பினால் அரை விரற்கடைத் தடிப்பில் தோல் வருகிறது. அதற்குக் கீழே கொங்கிறீற் கல்லாக இருக்கிறது. மூன்று கேள்விதான் கேட்டேன். எந்த மாதம் ஊற்றினார்கள்? ஒக்டோபர் கடைசி. மேலே எப்படி இழைத்தார்கள்? "நல்ல வழுவழுப்பா, கண்ணாடி மாதிரி. இடைக்கிடை தண்ணி தெளிச்சு இழைச்சவை." முதல் குளிர்காலத்தில் உப்புப் போட்டீர்களா? பதில் தேவைப்படவில்லை, உப்பு வாளி கதவடியிலேயே இருந்தது.

குளிர்தான் கொங்கிறீற்றை உடைக்கிறது என்று எங்கட சனம் நினைக்கிறது. கனடாவின் உள்நாட்டில் இருக்கும் வினிபெக் எங்களைவிட எவ்வளவோ குளிர், ஆனால் அங்கே உறைந்தால் உறைந்தபடியே கிடக்கும். ஹலிபக்ஸ் கடலோரம். காலையில் மழை, இரவு மைனஸ் எட்டு, மறுநாள் மத்தியானம் திரும்பவும் சைபருக்கு மேலே. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். நனைந்த கொங்கிறீற்றுக்குள் இது ஒரு குளிர்காலத்திலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது. போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பு, வீதி உப்பு. ஆகவே இங்கே ஒரு வேலையைத் தொடங்கும்போது நான் முதலில் கேட்பது எவ்வளவு பலம் என்றல்ல. தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வழியால் போகும்?

உடைக்கிற அன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். பழைய மரவீடுகளில் படியை நேரே சுவரோடு ஒட்டி ஊற்றியிருப்பார்கள். அத்திவாரக் கல்லுக்கு மேலே படுத்திருக்கும் மரச்சட்டம் அதற்குப் பின்னால்தான் மறைந்திருக்கிறது. படியை எடுத்ததும் ஒரு ஸ்க்ரூட்ரைவரால் அந்தச் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். தம்பி வீட்டில் பிடி வரைக்கும் உள்ளே போனது. பழைய படி வீட்டுப் பக்கம் சாய்ந்து மழைத் தண்ணீரையெல்லாம் அங்கேதான் ஊட்டியிருக்கிறது. எனவே கொங்கிறீற்றுக்கு முன்னம் தச்சரைக் கூப்பிட வேண்டி வந்தது. நாலடி நீளத்துக்குச் சட்டம் மாற்றினோம். பிறகு சுவரில் ஒட்டும் தார் விரிப்பும் அதன்மேல் தகடும் அடித்து, படிக்கும் வீட்டுக்கும் நடுவே அரை அங்குல நுரைப்பலகை வைத்தோம். படி தன்பாட்டில் இருக்கட்டும், வீடு தன்பாட்டில் இருக்கட்டும். பழைய கல் அத்திவாரத்தில் துளை போட்டுக் கம்பி செருகிப் படியைக் கட்டாதீர்கள். நிலம் உறைந்து படியைத் தூக்கினால் அது கல்லையும் சேர்த்துத்தான் அசைக்கும்.

நில உறைவு இங்கே நாலு அடி, 1.2 மீற்றர் வரைக்கும் போகும் என்று வைத்துத்தான் வேலை செய்கிறோம். படியைத் தாங்கும் தூண்களின் குழி அந்த ஆழத்துக்கு வேண்டும். கல் அத்திவாரத்தை ஒட்டித் தோண்டாமல் தள்ளி, ஒவ்வொரு குழியாகக் கையால் தோண்டி, அட்டைக் குழாய் இறக்கி ஊற்றுங்கள். தோண்டுவதற்கு முன்னம் நிலத்தடிக் குழாய்களையும் வயர்களையும் அடையாளம் போடச் சொல்லிக் கூப்பிடுங்கள். படியின் தட்டுக்குக் கீழே குறைந்தது ஆறு அங்குலம் கழுவிய உடைகல், நன்றாக இறுக்கியது. மண்ணும் தூளும் கலந்தால் தண்ணீர் நிற்கும், நின்றால் உறைந்து தூக்கும். ஹலிபக்ஸில் தோண்டும்போது துருப்பிடித்த நிறத்தில் கறுத்த பலகைக்கல் வந்தால் அதை நிரப்பப் பாவிக்காதீர்கள். அதில் சல்பைட் இருக்கலாம். புதிதாக உடைந்து காற்றும் மழையும் பட்டால் அமிலம் கசியும். அந்தக் கல்லை எங்கே கொட்டலாம் என்பதற்கு நோவா ஸ்கோசியாவில் தனி விதிமுறையே இருக்கிறது.

இனிக் கலவை. லொறியில் எடுப்பதானால் "சி-2" என்று சொல்லிக் கேளுங்கள். கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.1 தரத்தில் உப்பும் உறைவும் படுகிற நடைபாதை, கார்ப்பாதை போன்றவற்றுக்கான வகுப்பு அது. 28 நாளில் 32 மெகாபாஸ்கல் பலம், நீர்-சீமெந்து விகிதம் 0.45க்கு மேலே போகக்கூடாது, 20 மி.மீ. சல்லிக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம். இந்த மூன்றில் சனம் மறக்கிறது காற்றைத்தான். அப்பத்தில் கண் இருக்கிறதே, அதுமாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழிகள். உறையும்போது நெருக்கப்படும் தண்ணீர் ஒதுங்க அவை இடம் கொடுக்கும். குமிழி இல்லாத கொங்கிறீற் எவ்வளவு பலமாக இருந்தாலும் இங்கே உரியும்.

சின்ன வேலைக்குப் பை போதும். தம்பியின் மேல்தட்டு 1.5 மீற்றர் நீளம், 1.2 அகலம், 125 மி.மீ. தடிப்பு. அது 0.225 கனமீற்றர். முப்பது கிலோப் பை ஒன்று ஏறக்குறைய 0.014 கனமீற்றர் தரும், அப்போ பதினாறு பை. நான் பதினெட்டு வாங்கினேன், நடுவில் கடைக்கு ஓடினால் இரண்டு ஊற்றுக்கும் இடையில் ஒட்டு விழும். பையில் காற்றுச் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாப் பையிலும் அது இல்லை. தண்ணீர் பையில் சொன்ன அளவுக்கு மேலே ஒரு கோப்பைகூட வேண்டாம். லொறிக்காரர் "கொஞ்சம் இளக்கட்டோ?" என்று குழாயைத் தூக்குவார். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

கம்பிக்கு 10எம் (ஏறக்குறைய 11 மி.மீ. தடிப்பு), அடிக்கு ஒன்று, மேலிருந்து 60 மி.மீ. கீழே இருக்கவேண்டும். கம்பியைத் தாங்க விற்கும் சின்னப் பிளாஸ்ரிக் "கதிரை"களில் இருத்துங்கள். ஊற்றும்போது கொக்கியால் இழுத்துவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். கம்பி மேலே வந்தால் உப்பு அதைத் தேடிவரும்.

ஊற்றி, மட்டப்பலகையால் இழுத்து, மரத்தேய்ப்பானால் ஒருமுறை போட்டதும் கையை எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் படிகள் பழுதாகின்றன. மேலே தண்ணீர் ஊறி வந்து மினுங்கும். அந்த மினுக்கம் போகும்வரை தொடக்கூடாது. அரை மணியும் ஆகும், மூன்று மணியும் ஆகும், காற்றும் வெயிலும்தான் தீர்மானிக்கும். பொறுமையில்லாமல் அந்தத் தண்ணீரை உள்ளே இழைத்தாலும், ஈரம் உறிஞ்சட்டும் என்று சீமெந்து தூவினாலும், மேல் சில மில்லிமீற்றர் பலவீனமான தோலாகிவிடும். மினுக்கம் போனபிறகு பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். தடம் விழவேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அப்போது விளிம்பு இழைத்து, தும்புத்தடியால் குறுக்கே ஒரே இழுவை. இரும்புக் கரண்டி வேண்டவே வேண்டாம். அது மேற்பரப்பில் இருக்கும் குமிழியைக் கெடுத்து, ஈரத்தையும் கீழே பூட்டிவிடும். பனிக்காலத்தில் கண்ணாடிப் படியில் ஏறுகிறவருக்கு இடுப்பும் மிஞ்சாது.

சாய்வு வீட்டிலிருந்து வெளியே 2 சதவீதம். 1.2 மீற்றருக்கு 24 மி.மீ., ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ஈரச் சாக்கு, மேலே பொலித்தீன், ஏழு நாள். பிறகு திறந்து காயவிடுங்கள். முதல் உறைவுக்கு முன்னம் ஒரு மாதமாவது அது உலரவேண்டும். அதனால்தான் நான் செப்டெம்பர் நடுவுக்குப் பிறகு வெளிப்படி ஊற்றுவதில்லை. அடுத்த 24 மணி நேரத்துக்குள் 5 பாகைக்குக் கீழே போகும் என்றால் அது குளிர்கால வேலை. போர்வை, சூடாக்கி, கணக்கு எல்லாம் வேறு. உறைந்த நிலத்தில் ஊற்றவே கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று கல்சியம் குளோரைட் போடச் சொல்வார்கள். கம்பி இருக்கிற இடத்தில் மறுத்துவிடுங்கள். 28 நாள் கழித்து, சுவாசிக்க விடும் சைலேன் வகைச் சீலர் பூசலாம். பெயின்ற் மாதிரிப் படலம் போடுகிறவை வேண்டாம். முதல் குளிர்காலம் உப்பே கிடையாது, மணல்தான். அமோனியம் கலந்த பனி கரைப்பான் எந்தக் குளிர்காலத்திலும் வேண்டாம், அது கொங்கிறீற்றையே தின்னும்.

"அப்ப ஹைட்ரோஸ்ரோன் வீடுகள் எப்பிடி நிக்குது?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 1917 டிசம்பர் 6 துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நோர்த் எண்ட் தரைமட்டமானபிறகு, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஈஸ்ரேர்ன் பசேஜில் அழுத்தி வார்த்த கொங்கிறீற் கற்களைக் கொண்டுவந்து கட்டிய வரிசைகள் அவை. நூறு குளிர்காலம் கண்டுவிட்டன. ஆனால் அவை சுவர்கள். மழை பட்டு வழிந்து போகும், யாரும் அவற்றின்மேல் உப்புக் கொட்டுவதில்லை. படி படுத்துக் கிடக்கிறது.

அத்திவாரத்தைப் பற்றிச் சொல்ல என் சொந்த முட்டாள்தனம் போதும். நான் வாங்கிய முதல் வீட்டில் பேஸ்மென்ற் சுவர் கருங்கல்லும் பலகைக்கல்லும், நடுவில் சுண்ணாம்புச் சாந்து. ஈரம் கசிந்து சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கட்டுப் பூசின கை. விறைப்பான சீமெந்துச் சாந்து குழைத்து இரண்டு நாளில் முழுச்சுவரும் பூசினேன். பார்க்க வடிவாக இருந்தது. இரண்டாவது வசந்தத்தில் கதவளவு துண்டு ஒன்று விழுந்தது. பின்னால் கைவைத்தால் சுண்ணாம்புச் சாந்து ஈர மணலாக உதிர்ந்தது. அந்தச் சுவர் நனைந்து நனைந்து மூட்டுகளால் காய்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சை அடைத்துவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. முதலில் வெளியே: கூரைப் பீலி, கீழ்க்குழாயை வீட்டிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி விடுதல், மண்ணை வெளிப்பக்கம் சரித்தல். பாதிக் கசிவு அதோடே நின்றுவிடும். பிறகு கோடையில் மூட்டுகளைக் கையுளியால் ஒரு அங்குலமாவது சுரண்டி, கழுவி, ஒரு பங்கு சீமெந்து, இரண்டு சுண்ணாம்பு, ஒன்பது மணல் கலந்த மெல்லிய சாந்தை அழுத்தி நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கால் மூடுங்கள். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும், வெடிப்பதானால் சாந்து வெடிக்கட்டும். தூசு பறக்கிற வேலைக்கெல்லாம் நல்ல முகமூடி போடுங்கள்.

சுவர் வயிறு தள்ளியிருந்தால் அல்லது பேஸ்மென்ற் உயரம் போதாதென்று கீழே தோண்ட ஆசைப்பட்டால், சாந்தகப்பையை வைத்துவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள், நகரசபை அனுமதியும் எடுங்கள். கல் அத்திவாரத்தின் அடிக்குக் கீழே ஒரு மண்வெட்டிகூட இறங்கக்கூடாது. பேஸ்மென்ற் தரை புதிதாக ஊற்றுகிறவர்கள் உடைகல், பொலித்தீன் போடும்போதே நிலத்திலிருந்து ஊறிவரும் கதிரியக்க வாயுவான றேடனுக்கு ஒரு குழாயையும் வைத்துவிடுங்கள். நோவா ஸ்கோசியாவில் அந்த வாயுப் பிரச்சினை உண்டு, பிறகு துளைப்பது இரட்டைச் செலவு.

தம்பியின் படியை யூலையில் ஊற்றினோம். தை மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், தும்புத்தடிக் கோடு அப்படியே இருக்கிறது. கதவடியில் உப்பு வாளி இருந்த இடத்தில் மணல் வாளி. அவருடைய அம்மாவுக்குத்தான் என்னில் கோபம், சப்பாத்தோடு வந்து வீடு முழுக்க மணலாம்.