லவ் பேர்ட்ஸ் கூண்டில் பேன்: பலரும் செய்யும் தவறுகள்

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளிகளைத்தான். அவை ராத்திரியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், காலையில் பிடித்து இறகை விரித்துப் பார்ப்போம். ஒன்றும் தெரியாது. "பேன் இல்லை" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

பேன் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இது எட்டுக்கால் சிற்றுண்ணி. கோழிக்கூடுகளில் நிறைய இருக்கும். இருட்டியதும் பறவை மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் கூண்டின் இடுக்குக்குள் போய்விடும். அதனால் பகலில் பறவையிடம் தேடிப் பயனில்லை. ராத்திரி கூண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துத் துணியின் உள்பக்க மடிப்புகளைப் பாருங்கள். குண்டூசித் தலையை விடச் சிறிய புள்ளிகள் நகரும். பசியோடு இருந்தால் சாம்பல் நிறம், குடித்திருந்தால் சிவப்பு. விரலால் நசுக்கினால் ரத்தக் கோடு விழும். என் கூண்டில் அவை அடைந்திருந்த இடம், மண்கலயத்தைக் கம்பியால் கட்டியிருந்த கழுத்துப் பகுதி. சாம்பல் தூவியதுபோல் இருந்தது.

அடுத்த தவறு, பறவைக்கு மருந்து போட்டுவிட்டுக் கூண்டை அப்படியே விடுவது. பூச்சியின் வீடு கூண்டுதானே? பறவைகளை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, பழைய கலயத்தையும் மரக்குச்சிகளையும் தூக்கிப் போடுங்கள். கம்பிக் கூண்டின் மூலைமுடுக்கெல்லாம் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது. நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஒரு வாரம் போதும். அதனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும். காலிக் கூண்டைப் பரணில் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

கலயத்தில் குஞ்சுகள் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். நகரவும் தெரியாத உயிர்கள், ராத்திரி முழுக்க ரத்தம் இழக்கும். தோலும் வாயும் வெளுத்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அலகைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவது வேறு கதை. உற்றுப் பார்த்தால் தேன்கூடு போலப் பொடிப்பொடித் துளைகள் தெரியும். இதைச் செய்வது வேறொரு சிற்றுண்ணி. அது தோலைத் துளைத்து அதற்குள்ளேயே வாழும், வெள்ளைத் துணிக்கு வராது. பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள், ரத்தம் வரும். இதற்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். ஆனால் மாட்டுக்கும் நாய்க்கும் போடும் ஊசி மருந்தை வாங்கி வந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று கைக்கணக்கில் விடுவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. பட்ஜியின் எடை 30, 40 கிராம்தான். அளவு கொஞ்சம் கூடினாலும் உயிர் போகும். எடை போட்டுப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து மறுபடி போடச் சொல்வார்.

மண்ணெண்ணெய் தடவுவது, கூண்டில் பாச்சை உருண்டை கட்டுவது, கொசு ஸ்பிரே அடிப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பறவையின் நுரையீரல் நம்முடையதை விட வேகமாகக் காற்றிலிருக்கும் விஷத்தை இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, இறகு கொட்டினாலே பேன் என்று முடிவுகட்டாதீர்கள். இறகு மாற்றும் பருவமாக இருக்கலாம், தனிமையில் தானே பிடுங்கிக்கொள்வதாகவும் இருக்கலாம்.

சரி, பறவையே வளர்க்காத வீட்டில் உடம்பெல்லாம் கடித்தால்? மூட்டைப்பூச்சி என்று மெத்தைக்கு மருந்து அடிப்பதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். ஏசி பெட்டிக்குப் பின்னால் புறாக் கூடு இருக்கலாம். குஞ்சுகள் பறந்து போனதும், அந்தக் கூட்டில் இருந்த சிற்றுண்ணிகள் பசியோடு ஜன்னல் வழியாக உள்ளே வரும். நம்மைக் கடிக்குமே தவிர நம் உடம்பில் இனம் பெருக்காது. குஞ்சுகள் பறந்த பிறகு தாமதிக்காமல், முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு கூட்டை எடுத்துக் கட்டி எறியுங்கள். அந்த இடத்தில் வலை அடித்துவிடுங்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பெடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்காகப் பரவினால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்குத் தோல் மருத்துவர்தான். மெத்தைத் தூசியில் இருக்கும் சிற்றுண்ணி கடிப்பதே இல்லை, தும்மலைத்தான் தரும்.

கூண்டைக் கடைசியாகக் கழுவிய பிறகும் ஒரு மாதம், வாரம் ஒரு ராத்திரி அந்த வெள்ளைத் துணியைப் போர்த்திப் பாருங்கள். எனக்கு மூன்றாவது வாரம் ஒரே ஒரு புள்ளி நகர்ந்தது. மறுநாள் காலையே மறுபடி கொதிநீர் வைத்தேன்.