வெப்சைட்டுக்கு ஆள் வராங்க, ஆனா யாருமே கூப்பிட மாட்டேங்குறாங்களா? இதெல்லாம் பாருங்க

சைட்டுக்கு ஆள் வந்துட்டு தான் இருக்காங்க, ஆனா ஒரு கால் இல்ல ஒரு மெசேஜ் இல்லன்னா நிறைய பேர் உடனே டிசைன மாத்திடலாம்னு கெளம்பிடுறாங்க. அதுக்கு முன்னாடி வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல, ஃபோன் ப்ரௌசரோட இன்காக்னிட்டோ விண்டோல (முன்னாடி சேவ் ஆனத எடுத்துக்காத தனி விண்டோ) உங்க சைட்ட நீங்களே தொறந்து பாருங்க. ஏன் இன்காக்னிட்டோன்னா, நீங்க அடிக்கடி பாக்குற சைட்டோட படமெல்லாம் ஏற்கனவே ஃபோன்ல சேவ் ஆகியிருக்கும், அதனால உங்களுக்கு மட்டும் டக்குனு வந்துடும், புதுசா வர்றவருக்கு அப்படி வராது.

ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி தெரியுற இடத்துல என்ன எழுதியிருக்கு? "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்", "தரமே எங்கள் தாரக மந்திரம்" இந்த மாதிரி இருந்தா தூக்கிடுங்க, அத யாரோட சைட்ல வேணும்னாலும் ஒட்டலாம். "வாஷிங் மெஷின் ரிப்பேர், வீட்டுக்கே வந்து பாப்போம்"னு ஒரு வரி, கீழயே கால் பட்டன், போதும். தானா ஓடுற ஸ்லைடரையும் எடுத்துடுங்க, மூணாவது படம் வர்ற வரைக்கும் யாரு உக்காந்து பாக்கப் போறா?

அடுத்து வேகம். கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் ஃப்ரீ தான், லிங்க்கப் போட்டு மொபைல் டேப்ப பாருங்க. அதுல எல்சிபி (LCP)னு ஒன்னு வரும், பேஜ்ல இருக்குற பெரிய படமோ எழுத்தோ தெரிய எவ்ளோ நேரம் ஆகுதுங்கிற கணக்கு, 2.5 செகண்டுக்குள்ள இருக்கணும். சிஎல்எஸ் (CLS)னு இன்னொன்னு, பட்டன தொடப் போகும்போது பேஜ் குதிச்சு வேற எதையோ தொட வைக்கும் பாருங்க அந்த குதிப்போட அளவு தான், அது 0.1க்குள்ள இருக்கணும். லேட்டாகுறதுக்கு முக்கால்வாசி காரணம் கேமராவுல எடுத்த ஃபோட்டோவ அப்படியே ஏத்துறது தான், சைஸ கொறச்சு வெப்பி (WebP)ங்கிற லேசான பட ஃபார்மட்ல போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. அதுக்காக அந்த டூல் குடுக்குற ஸ்கோர் 100 வரணும்னு தலைய பிச்சுக்க வேணாம்.

நெறைய பேர் கோட்ட விடுறது ஃபார்ம்ல தான். பேரு, ஃபோன் நம்பர், என்ன வேணும், இந்த மூணு தாண்டி கேக்குற ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஏன்னு உங்களயே கேளுங்க, அட்ரஸெல்லாம் அப்புறம் பேசும்போது வாங்கிக்கலாம். நம்பர் பாக்ஸ தொட்டா நம்பர் கீபேட் வரணும், எழுத்து கீபோர்டு வந்தா சைட் செஞ்சு குடுத்தவர்ட்ட அந்த பாக்ஸோட இன்புட் டைப்ப "டெல்" (tel)னு மாத்தச் சொல்லுங்க. பாக்ஸ்ல எழுத்து 16 பிக்ஸலுக்கு கீழ இருந்தா ஐஃபோன்ல தொட்டதும் பேஜ் தானா ஜூம் ஆகி ஒரு பக்கம் ஓடிடும், அதையும் கவனிங்க. ஒரு தப்பு வந்தா எழுதின மொத்தத்தையும் அழிச்சுடுற ஃபார்ம் இருக்கு பாருங்க, அத விட வேகமா கஸ்டமர வெரட்ட வழியே இல்ல. அனுப்பினதும் வெறும் "நன்றி"னு விடாம, எப்போ கூப்பிடுவீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் நீங்களே ஒரு தடவ ஃபார்ம அனுப்பிப் பாருங்க, மெயில் ஸ்பாம்ல போய் தூங்கிட்டு இருக்கலாம்.

ஃபோன் நம்பர் படத்துக்குள்ள இருந்தா தொட்டு கால் பண்ண முடியாது, எழுத்தா லிங்க்கா போடுங்க. வாட்ஸப் பட்டன்ல மெசேஜையும் முன்னாடியே டைப் பண்ணி வெக்கலாம், கஸ்டமர் சென்ட் அழுத்துனா போதும். ஹெட்செட் மாட்டி சிரிக்கிற ஸ்டாக் ஃபோட்டோவ யாரும் நம்புறதில்ல, நீங்க செஞ்ச வேலையோட நெஜ ஃபோட்டோ சுமாரா இருந்தாலும் அதப் போடுங்க. சைட் அட்ரஸ் ஆரம்பத்துல எச்டிடிபிஎஸ் (https, தகவல பூட்டி அனுப்புற முறை) இல்லன்னா 2018ல இருந்தே க்ரோம் "பாதுகாப்பற்றது"ன்னு காட்டுது, அத பாத்துட்டு யாரு நம்பர் குடுப்பா.

இவ்ளோ பண்ணிட்டு, உங்க பிசினஸ் பத்தி தெரியாத நாலஞ்சு பேர்ட்ட ஃபோன குடுங்க. சைட் எப்படி இருக்குன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னு தான் சொல்வாங்க, அதனால "இதுல ஒரு சர்வீஸ் புக் பண்ணுங்க"ன்னு வேலை குடுத்துட்டு வாய மூடிட்டு பக்கத்துல நில்லுங்க. கஷ்டம் தான், விரல் எங்க தயங்குதோ அங்க தான் பிரச்சனை.

கூகுள் அனலிட்டிக்ஸ்ல (சைட்டுக்கு வர்றவங்க என்ன பண்றாங்கன்னு காட்டுற டூல்) கால் பட்டன் க்ளிக்கையும் ஃபார்ம் அனுப்புறதையும் கீ ஈவன்ட்டா, அதாவது தனியா எண்ண வேண்டிய முக்கியமான செயலா வெச்சுக்குங்க, வெறும் விசிட்டர் எண்ணிக்கைய பாத்து சந்தோஷப்படுறதுல ஒன்னும் இல்ல. கூகுளோட சர்ச் கன்சோல்ங்கிற டூல்ல ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடி வராங்கன்னு பாத்து, அதே வார்த்தைய தலைப்புல வைங்க. மாத்துறத ஒன்னொன்னா மாத்துங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா கால் கூடுனது எதனாலன்னு உங்களுக்கே தெரியாது.