முதல் வேலையை இழந்து வீடு திரும்பும் பிள்ளைக்குப் பெற்றோர் துணை நிற்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பையோ ஐ.டி.ஐ.யையோ பாலிடெக்னிக் டிப்ளமோவையோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர் பகுதித் தொழிற்சாலைகளிலும் நகரத்துத் துணிக்கடைகளிலும் வேலைக்குச் சேரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளில் பலர், கான்ட்ராக்டர் வழியாகவோ பயிற்சி பெறுபவராகவோதான் உள்ளே நுழைகிறார்கள். ஆர்டர் குறைந்தாலும் ஒரு உற்பத்தி லைன் நிறுத்தப்பட்டாலும், ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று முதலில் சொல்லப்படுவதும் அவர்களிடம்தான். அந்தச் செய்தியோடு வீடு திரும்பும் மகனையோ மகளையோ எப்படி எதிர்கொள்வது, வர வேண்டிய பணத்தையும் தாள்களையும் எப்படி வாங்குவது, அடுத்த வேலைக்கு எப்படி ஆயத்தமாக்குவது என்பதைப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன். இவற்றுள் மிக முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. போனது ஒரு வேலை என்ற அளவிலேயே அந்த இழப்பு வீட்டுக்குள் பேசப்பட வேண்டும். பிள்ளையின் திறமைக்கும் எதிர்காலத்துக்குமான தீர்ப்பாக அதை யாரும் பேச விடக் கூடாது.

முதல் சில நாள்கள்

செய்தியைக் கேட்டவுடன் பெற்றோரின் வாயில் முந்திக்கொண்டு வருவது, ‘நீ என்ன தப்பு பண்ணினே?’ என்ற கேள்விதான். அந்தக் கேள்வியை அன்று கேட்க வேண்டாம். வேலை போன அன்று பிள்ளை சூப்பர்வைசரின் முகத்தையும், கூட வேலை செய்தவர்களின் பார்வையையும், கம்பெனி பஸ்ஸில் திரும்பி வந்த நேரத்தையும் மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டிலும் ஒரு விசாரணை தொடங்கினால், அதன் பிறகு உண்மையை முழுமையாகச் சொல்ல முன்வராது. ‘சரி, வந்து சாப்பிடு, நாளைக்குப் பேசிக்கலாம்’ என்பதே அன்றைக்குப் போதுமான பேச்சு. அடுத்த வேலையைப் பற்றிய பேச்சையும் ஓரிரு நாள்கள் தள்ளி வையுங்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அன்று இரவே போன் போட்டு ‘எங்க பையனுக்கு ஏதாவது பாருங்க’ என்று கேட்கும் தந்தைகளின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளையின் காதில் அது தன்னைப் பற்றிய புகாராகவே விழும்.

சில பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். வழக்கம்போல ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய், பேருந்து நிலையத்திலோ நண்பனின் அறையிலோ பொழுதைக் கழித்துவிட்டு, வேலை முடியும் நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். இது வேறொருவர் மூலம் தெரிய வந்தால், கையும் களவுமாகப் பிடிப்பதுபோல அணுகாமல், ‘வேலை போனது எனக்குத் தெரியும் தம்பி, அதுக்காக நான் கோபப்படலை, நீ தனியா அலைஞ்சதுதான் கஷ்டமா இருக்கு’ என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மறைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மீதுள்ள பயத்தைவிட, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த கையால் இந்தச் செய்தியைக் கொடுக்க நேர்ந்த கூச்சமாகவே இருக்கும்.

காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல்

இரண்டு மூன்று நாள்கள் கழிந்து பேசும்போது, என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆர்டர் குறைவு, கான்ட்ராக்ட் முடிவு, பயிற்சிக் காலத்தில் வேலை பிடிபடாமல் போனது, ஒழுங்குப் பிரச்சினை ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதல் இரண்டும் பிள்ளையின் கையில் இல்லாதவை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அங்கே வேலை செய்த இளைஞர்களும் இளம்பெண்களும் திறமைக் குறைவால் வெளியேறவில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, எங்கோ எடுக்கப்பட்ட அந்த முடிவு திருப்பூர்ப் பின்னலாடை ஆர்டர்களைப் பாதித்தது. இவற்றைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது வெறும் ஆறுதலுக்காக அன்று; ஒரு வேலை எந்தெந்தக் காரணங்களால் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் வேலை கற்றுக்கொள்வதன் ஒரு பகுதிதான்.

தவறு பிள்ளையிடமே இருந்தால் அதை மூடி மறைக்க வேண்டாம். அடிக்கடி தாமதமாகப் போனது, லைனில் கைபேசியை எடுத்தது, சொல்லாமல் விடுப்பு எடுத்தது, சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசியது ஆகியவை பத்தொன்பது வயதில் நடக்கக் கூடியவை, திருத்திக்கொள்ளக் கூடியவையும்கூட. ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று பழைய மதிப்பெண் பட்டியல் வரை இழுக்காமல், நடந்த அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்தில் அதே நிலைமை வந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். இரவு ஷிஃப்டில் தூக்கம் கெட்டதோ, யாரோ தொடர்ந்து மட்டம் தட்டியதோ, மகளாக இருந்தால் வேலையிடத்தில் எவரேனும் தொல்லை கொடுத்ததோ அந்தத் தவறுகளுக்குப் பின்னால் இருக்கலாம். பொறுமையாகக் கேட்டால்தான் இவை வெளியே வரும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால், இன்னொன்றையும் பாருங்கள். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டம், 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கங்களிலும் வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களிலும் அமர்த்தத் தடை விதிக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து பிள்ளை நிறுத்தப்பட்டிருந்தால், எவ்வளவு பண நெருக்கடி இருந்தாலும் திரும்ப அங்கே அனுப்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பெற்றோரின் பயமும் வீட்டுக் கணக்கும்

பெற்றோருக்கும் இது எளிதான காலம் அன்று. பல வீடுகளில் பிள்ளையின் சம்பளத்தை நம்பி மகளிர் குழுக் கடனோ, இருசக்கர வண்டியின் மாதத் தவணையோ ஏற்கப்பட்டிருக்கும். அந்தக் கவலையைக் கணவனும் மனைவியும் முதலில் தங்களுக்குள் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் முன் பெருமூச்சாக அது வெளிப்படக் கூடாது. பிறகு பிள்ளையையும் உட்காரவைத்து, இந்த மாதம் கட்ட வேண்டியது எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு, எதைத் தள்ளிப் போடலாம் என்பதை எண்களாகவே சொல்லுங்கள். பயம் கலந்த மௌனத்தைவிட எண்கள் பிள்ளைக்குத் தாங்கிக்கொள்ளக் கூடியவை. வண்டித் தவணை இருந்தால், வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப்போய் அபராதம் ஏறுவதற்கு முன்பே, கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் பிள்ளையோடு நேரில் போய் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். பேசுவது பிள்ளையாகவே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

உறவினர் விஷயத்தில் ஒரு முடிவைக் குடும்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கல்யாண வீட்டில் அத்தையோ பெரியப்பாவோ ‘இப்ப எங்க வேலை பாக்குற?’ என்று கேட்டால் பிள்ளை தடுமாறுவதற்கு முன், ‘அந்த வேலை முடிஞ்சிடுச்சு, வேற பாத்துக்கிட்டு இருக்கான்’ என்று சாதாரணக் குரலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். சித்தப்பா மகன் வெளிநாட்டில் வாங்கும் சம்பளத்தை அந்த நேரத்தில் யாரேனும் எடுத்தால், பேச்சை மாற்றும் பொறுப்பும் உங்களுடையதே.

வர வேண்டியதை முறையாக வாங்குதல்

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிட்டால் பணம் மட்டும் இழப்பாவதில்லை; தனக்கு உரியதைக் கேட்டு வாங்கும் பழக்கமும் பிள்ளைக்கு வராமல் போகும். ஊழியரை வேலையை விட்டு நிறுத்தினால் அதுவரையிலான ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கொடுக்கவில்லை என்றால் முதலில் கான்ட்ராக்டருக்கோ மனிதவளப் பிரிவுக்கோ மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த எழுத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். பயிற்சி பெறுபவர்கள் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டிருந்தால், அவர்கள் சட்டப்படி தொழிலாளர்கள் ஆக மாட்டார்கள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் இருக்காது. ஆகவே எந்த ஆணையின் பேரில் சேர்ந்தார்கள் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நிறுத்தும்போது, ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் எந்த நிலையிலும் கையெழுத்து வேண்டாம். சேர்ந்தபோது கொடுத்த அசல் மதிப்பெண் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவது, வேலை செய்த காலத்தைக் குறிப்பிட்டு ரிலீவிங் லெட்டர் பெறுவது ஆகிய இரண்டையும் முடிந்தவரை அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மாதங்கள் கழிந்து போனால் அந்த மேலாளரே அங்கே இருக்க மாட்டார்.

சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருந்தால், பிள்ளையின் யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணைக் கொண்டு செயல்படுத்தி, பாஸ்புக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பணம் ஏறவில்லை என்றால் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதியலாம். வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசிப் பிடித்தம் நடந்து இரண்டு மாதங்கள் ஆனபின் உறுப்பினரே அதைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அந்தச் சிறு பி.எஃப். தொகையை உடனே எடுத்துவிடத் தோன்றும். அடுப்பெரிய வேறு வழியில்லாத நிலைமை இல்லையென்றால் விட்டுவைக்கலாம் என்பேன். அடுத்த வேலையில் அதே எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் பணிக்காலமும் சேர்ந்துவரும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால், மருத்துவ உரிமை வேலை போன அன்றே முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது செலுத்திய சந்தாக் காலத்தைப் பொறுத்தது, அருகிலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் இருக்கும் நாள்களில்

ஒரு வாரம் வரை தூக்கமும் கைபேசியுமாகப் போனால் கண்டுகொள்ளாமல் இருங்கள். அதன் பிறகு காலையில் எழும் நேரம் ஒன்றாவது நிலைப்பட வேண்டும். வீட்டு வேலைகளில் ஒன்றை நிரந்தரப் பொறுப்பாகக் கொடுக்கலாம். ஆனால் ‘சும்மாதானே இருக்கே’ என்ற முன்னுரையோடு கொடுக்க வேண்டாம். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையைக் கேட்காமலேயே வாரந்தோறும் கொடுத்துவிடுங்கள். சம்பாதித்த கை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குவது பெரிய வலி.

இந்த நாள்களில் மோசடிக்காரர்களிடம் ஏமாறும் ஆபத்து அதிகம் என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். டெலிகிராமில் டாஸ்க் முடித்தால் பணம் என்பார்கள். வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். நொடியில் கடன் தருவதாகச் செயலிகள் வரும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள், தமிழ்நாட்டவர் உட்பட, மியான்மர், கம்போடியா இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சோர்வு வேறு, ஆபத்தான மனநிலை வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தாலோ, நண்பர்களை முற்றிலும் தவிர்த்தாலோ, ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்ற வகையில் ஒரு சொல் வந்தாலோ அதைக் கோபத்தில் சொன்னதாக ஒதுக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. தமிழிலேயே பேசக் கூடிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம். அத்தகைய நாள்களில் பிள்ளையைத் தனியாக விடாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போங்கள்.

அடுத்த வேலைக்கு

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை அவ்வப்போது நடத்துகின்றன. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பதியலாம். முகாமுக்குப் பிள்ளை நண்பரோடு போகட்டும். நேர்காணல் மேசை வரை கூடவே வரும் பெற்றோரைப் பார்க்கும் நிறுவனத்தார் பிள்ளையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை யோசியுங்கள். முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டில் சேர்ந்து ஆயத்தம் செய்யுங்கள். உண்மையாகவும் இரண்டே வாக்கியங்களிலும் பழைய நிறுவனத்தைத் திட்டாமலும் அது இருக்க வேண்டும்.

படிப்புக்குத் திரும்ப விரும்பினால் அதையும் திறந்த மனதோடு கேளுங்கள். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சியும் மாத உதவித்தொகையும் உண்டு. புதிய வேலை கிடைத்தால், சேரும் முன் பணி ஆணையை முழுதாகப் படிக்க வைத்து, பயிற்சிக் காலம் எவ்வளவு, சம்பளத்தை நேரடியாகக் கொடுப்பது நிறுவனமா கான்ட்ராக்டரா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்யுங்கள். அங்கே புதிதாக ஒரு யு.ஏ.என். உருவாகிவிடாமல் பழைய எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். புதிய சம்பளத்தை நம்பிக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு எந்தத் தவணைக் கடனையும் வீட்டில் எடுக்காதீர்கள்.