வேட்டைக்கு ஒரு ரிகர்வ் வில்: கையைக் கடிக்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

நுனிகள் இலக்குப் பக்கமாக வளைந்த வில்லைத்தான் ரிகர்வ் என்பார்கள். என் முதல் ரிகர்வ் வில்லின் கீழ் லிம்பில், அதாவது கைப்பிடிக்குக் கீழே வளையும் பகுதியில், 45 பவுண்டு என்று எழுதியிருந்தது. எங்கள் பகுதியில் மான் வேட்டை உரிமத்துக்குக் குறைந்தது 40 பவுண்டு இழுவிசை வேண்டும் என்பது விதி. ஐந்து பவுண்டு கூடுதலாகவே இருக்கிறதே என்று நிம்மதியாக வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தொங்கு தராசில் மாட்டி, நான் வழக்கமாக இழுக்கும் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன். தராசு காட்டியது 39.

அந்த வில்லை விற்றுவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்குப் போட்டு இன்னொன்று வாங்கினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். குறைந்த செலவில் வேட்டை வில் வாங்க நினைப்பவர்கள் இரண்டு முறை பணம் போட வேண்டியதில்லை.

படி 1: சட்டத்தைப் படியுங்கள்

இந்தியாவிலும் பிரிட்டனிலும் வில் வேட்டைக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இந்த வில் இலக்குப் பயிற்சிக்கு மட்டும்தான். அனுமதி உள்ள இடங்களில் விலங்குக்கு ஏற்ற குறைந்தபட்ச இழுவிசை, அம்பு முனையின் அகலம் ஆகியவை எழுத்தில் இருக்கும். இழுவிசையை எந்த நீளத்தில் அளக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சில இடங்களில் 28 அங்குலத்தில் அளப்பார்கள், சில இடங்களில் வில்லாளியின் சொந்த இழுப்பில். நான் கவனிக்காமல் விட்ட வரி அதுதான்.

படி 2: உங்கள் இழுப்பு நீளத்தை அளந்துவிட்டு வில்லைத் தேடுங்கள்

இந்தப் படியை யாரும் அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம்.

லிம்பில் எழுதியிருக்கும் எண், வில்லை 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் விசை. அதைவிட ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும், கூடினால் அதே அளவு ஏறும். 24 அங்குலம் இழுப்பவரும் 30 அங்குலம் இழுப்பவரும் ஒரே வில்லை எடுத்தால், இருவர் கையிலும் இருப்பது வெவ்வேறு வில்.

இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5-ஆல் வகுக்கச் சொல்வார்கள். எனக்கு அப்படி வந்தது 27.5. உண்மையில் நான் இழுப்பது 26தான். பாரம்பரிய முறையில் சுடும்போது பலர் வில் பிடிக்கும் கையைச் சற்றே மடக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நடுவிரலை உதட்டு ஓரத்தில் பொருத்துகிறார்கள். அதனாலேயே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் போய்விடும்.

அதனால் வகுத்தல் கணக்கை விட்டுவிட்டு இப்படி அளங்கள். 20 அல்லது 25 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்குங்கள். நீளமான அம்பு ஒன்றை நாணில் பூட்டி, வழக்கம்போல் இழுத்து நிறுத்துங்கள். கைப்பிடியின் முன்பக்கம், அதாவது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம், அம்பைத் தொடும் இடத்தில் நண்பர் ஒருவர் மார்க்கரால் கோடு போடட்டும். நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதே உங்கள் இழுப்பு நீளம். ஒரு முறை அளந்து நிறுத்திவிடாதீர்கள். இருபது அம்பு விட்டுக் களைத்த பிறகு ஒரு முறை, முழங்காலிட்டு ஒரு முறை, குளிருக்குப் போடும் தடித்த மேலுடையோடு ஒரு முறை அளங்கள். எனக்குக் கடைசி அளவு 25 அங்குலம் வந்தது. காட்டில் கையில் இருக்கப்போவது அந்த அளவு. எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை: இழுத்த நாணை அம்பில்லாமல் விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க லிம்புக்கே திரும்பும். லிம்ப் பிளந்துவிடலாம்.

படி 3: ஒரே ரைசர் (நடுக் கைப்பிடிப் பகுதி), இரண்டு ஜோடி லிம்ப்

நுனிகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்த பிறகு பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். ரிகர்வில் அந்தச் சலுகை கிடையாது. கடைசி அங்குலத்தில்தான் முழுப் பாரமும் விரல்களில் நிற்கும். ஜிம்மில் எவ்வளவு தூக்குபவராக இருந்தாலும், இழுப்பதற்கு உழைக்கும் முதுகுத் தசைகள் வேறு. முதல் வில்லே 45 பவுண்டு என்றால் இழுப்பு சுருங்கும், ஆங்கருக்கு, அதாவது இழுக்கும் கை முகத்தில் பொருந்தும் இடத்துக்கு, போகும் முன்பே விரல் விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. எனக்கு ஒரு பருவமே போனது.

ஆகவே லிம்பைக் கழற்றி மாட்டும் டேக்டவுன் வில் வாங்குங்கள். முதலில் 25 முதல் 30 பவுண்டு லிம்ப். சரியாக இழுத்து விடும் முறை உடலில் பதிந்த பிறகு, வேட்டைக்கு வேண்டியதை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். முழு வில்லை விட ஒரு ஜோடி லிம்ப் பொதுவாக மலிவு. எப்போது ஏறலாம்? இழுத்து ஆறேழு நொடி நடுங்காமல் நிறுத்தி, அப்புறம் நிதானமாக விட முடிந்தால் அடுத்த ஐந்து பவுண்டுக்குப் போகலாம். ஒரே தாவலில் 30-லிருந்து 45-க்குப் போகாதீர்கள்.

படி 4: எந்த வில்

தொடக்கக்காரருக்கு என் முதல் பரிந்துரை 62 அங்குல மர ரைசர் டேக்டவுன். சாமிக் சேஜ் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர், அதற்கு 25 முதல் 60 பவுண்டு வரை லிம்ப் உண்டு. மறைவிடத்துக்குள் வசதியாக இருக்கும் என்று 54, 56 அங்குல வில்லுக்கு ஆசைப்படாதீர்கள். குட்டை வில்லில் நாணின் கோணம் கூர்மையாகி விரல்களை நசுக்கும், கடைசி அங்குலங்களில் பாரமும் சட்டென்று ஏறும். இழுப்பு 29-க்கு மேல் உள்ளவர்கள் 62-க்குக் கீழே போகவே வேண்டாம்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஐ.எல்.எஃப் ரைசர் வாங்குங்கள். இந்தப் பொருத்து முறையில் ஒரு கம்பெனி ரைசரில் இன்னொரு கம்பெனி லிம்ப் உட்காரும், இழுவிசையையும் திருகாணியால் சிறிது கூட்டிக் குறைக்கலாம். 19 அங்குல ரைசரில் நடுத்தர நீள லிம்ப் மாட்டினால் 62 அங்குல வில் கிடைக்கும்.

பழைய வில் வாங்குபவர்கள், நாண் பூட்டிய நிலையில் லிம்ப் நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. விளிம்பு முழுக்கப் பஞ்சை ஓட்டுங்கள், நூல் சிக்கும் இடத்தில் பிளவு இருக்கலாம். 1960-களின் பியர் கம்பெனி வில்கள் இன்றும் நன்றாகச் சுடும், ஆனால் நுனி பலப்படுத்தாத வில்லுக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் டேக்ரான் நாண் மட்டுமே போடுங்கள்.

நாண் பூட்ட ஸ்டிரிங்கர் கயிறு கட்டாயம். காலுக்கிடையில் வைத்து வளைப்பதால்தான் பாதி வில்கள் முறுக்கிப் போகின்றன என்பது என் எண்ணம்.

படி 5: மிச்சம் பிடித்த பணத்தை அம்பில் போடுங்கள்

சுமாரான வில்லும் பொருத்தமான அம்பும் இருந்தால் வேட்டை நடக்கும். விலை உயர்ந்த வில்லோடு பொருந்தாத அம்பு சேர்ந்தால் நடக்காது. அம்பின் விறைப்பை ஸ்பைன் எண்ணால் சொல்வார்கள், எண் பெரிதானால் அம்பு நெகிழ்வானது. கையில் 40 பவுண்டு இருந்தால் 500 அல்லது 600 ஸ்பைனில் இரண்டிரண்டு வாங்கி, வெட்டாமல் முழு நீளத்தில் சோதியுங்கள். இறகு இல்லாத அம்பு ஒன்றை இறகுள்ளவற்றோடு சேர்த்து விடுங்கள். வலக்கையால் இழுப்பவருக்கு அது வலப்பக்கம் விழுந்தால் அம்பு நெகிழ்வு அதிகம், இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். நெகிழ்வாக இருந்தால் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். விறைப்பாக இருந்தால் கனமான முனை போடுங்கள்.

எடை, ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் வீதம். 40 பவுண்டுக்கு 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம். கனமான அம்பு ஆழமாகப் போகும், வில்லும் சத்தம் குறைவாகப் போடும். முனைக்கு நகரும் பாகங்கள் இல்லாத இரண்டு அலகு ப்ராட்ஹெட் (வேட்டைக்கான வெட்டு முனை) போதும். விரியும் முனைகள் விரிவதற்கே விசையைத் தின்னும், இந்த இழுவிசையில் அதற்கு மிச்சம் இல்லை. கத்தியைப் போலத் தீட்டி வைத்திருங்கள்.

பிற்சேர்க்கை 1: வலக்கைக்காரர் என்பதால் வலக்கை வில் வாங்கி, எல்லா அம்பும் இடப்பக்கமே போகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். அவருடைய ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், இடது. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துளை விட்டு, இரு கண்ணாலும் தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். இடக்கண்ணை மூடியதும் பொருள் மறைந்தால் நீங்களும் அப்படித்தான். இன்னும் வில் வாங்காதவர்கள் இடக்கை வில்லையே எடுங்கள். இரண்டு வாரம் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

பிற்சேர்க்கை 2: எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று பலர் கேட்கிறார்கள். வீட்டை விட்டு வந்ததும், கை சூடாகும் முன் விடும் முதல் அம்பு, சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கில் தொடர்ந்து இருபது நாள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. எனக்கு இப்போது அது 16 கெஜம். 17-இல் மான் நின்றால் நான் வில்லைத் தூக்குவதில்லை.