உடல் தானம் செய்ய நினைப்பவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

உடல் தானம் என்றால் படிவத்தில் ஒரு கையெழுத்து, அதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது நாம் போன பிறகு நடக்கவேண்டிய காரியம். நடத்தி வைக்கப்போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அதனால் சட்டம், கல்லூரியின் விதி, குடும்பம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 1: எந்தத் தானம் என்று தெளிவாகுங்கள்

உறுப்பு தானம் வேறு, உடல் தானம் வேறு. உறுப்புகள் இன்னொரு நோயாளிக்குப் பொருத்தப்படுபவை. பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே எடுக்கப்படுகின்றன. முழு உடல், மாணவர்கள் உடற்கூறியல் கற்பதற்கு. இரண்டுக்கும் பதிவு செய்யலாம். ஆனால் இதயம், கல்லீரல் போன்றவற்றை எடுத்துவிட்ட உடலைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. கண் தானத்தால் பொதுவாகச் சிக்கல் வராது.

படி 2: கல்லூரியிடம் கேளுங்கள்

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைதான் இதற்குப் பொறுப்பு. உடலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? வேறு நிறுவனத்துக்கு அனுப்புவார்களா? ஏதாவது ஒரு பாகத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா? கொண்டுபோகும் செலவு யாருடையது? கடைசியில் அடக்கமோ தகனமோ அவர்களே செய்வார்களா, மிச்சத்தைக் குடும்பத்திடம் தருவார்களா? கேட்கத் தயங்காதீர்கள். இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாத இடத்தில் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது. தானத்துக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. யாராவது விலை பேசினால் உடனே விலகிவிடுங்கள்.

படி 3: ஒப்புதல் படிவம்

வயது வந்தவர், சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடைமுறை இதுதான். எத்தனை சாட்சி, அவர்கள் உறவினராக இருக்கவேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். அதன் பிறகு 1832-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், யாரும் உரிமை கோராத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. உடல் வியாபாரம் அடங்கியது. ஆனால் ஏழை விடுதிகளில் இறந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அந்த அநியாயம் நெடுங்காலம் நீடித்தது. உடற்கூறியல் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் வெளியிட்ட பரிந்துரைகள், கொடுப்பவர் விவரம் தெரிந்து தானே எழுதித்தந்த சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கின்றன. பிரிட்டனின் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்த பிறகு குடும்பத்தினர் அவர் சார்பில் இந்தச் சம்மதத்தைத் தரவே முடியாது. சில நாடுகளில் நெருங்கிய உறவினர் தரலாம். உங்கள் நாட்டின் சட்டம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டில் பேசுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. படிவம் சட்டப்படி செல்லுபடியானாலும், பிள்ளைகளோ துணையோ அழுதுகொண்டு மறுத்தால் பல கல்லூரிகள் வற்புறுத்தி உடலை எடுத்துப்போவதில்லை. கடைசிச் சடங்குகளை எப்போது, எவ்வளவு நேரத்துக்குள் செய்யலாம் என்று கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டு வந்து சொல்லுங்கள். எதிர்ப்பு பாதி அங்கேயே குறைந்துவிடும். படிவத்தின் நகல் ஒன்றை எளிதில் கைக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

படி 5: இறப்பு நேர்ந்ததும்

கல்லூரிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மருத்துவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். தாமதமானால் உடலைக் குளிரில் வைக்க வேண்டும். இறுதிச் சடங்குக்காக வெளியில் பதப்படுத்திவிடக் கூடாது. கல்லூரியில் பொதுவாகத் தொடையிலோ கழுத்திலோ உள்ள தமனி வழியாக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் மருந்து கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். அது உடல் முழுக்கப் பரவ ரத்தக்குழாய்கள் அறுபடாமல் இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பெரும்பாலும் மறுப்பது அதனால்தான். சில தொற்றுநோய்கள், சிதைவு, பெரிய காயங்கள் இருந்தாலும் மறுக்கலாம். ஆகவே மாற்று ஏற்பாடு ஒன்றைக் குடும்பம் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

படி 6: உள்ளே எப்படி நடத்துகிறார்கள்?

படிப்புக்கும் ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பெயர், நோய் விவரம் வெளியே போகக் கூடாது. அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. இவை குறைந்தபட்சம். தைவானின் ட்சு சி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வகுப்புக்கு முன்பே கொடையாளியின் குடும்பத்தைச் சந்தித்து அவர் வாழ்க்கையைக் கேட்டறிகிறார்கள். மேசைமேல் இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகே கத்தியை எடுக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் இறுதிச் சடங்கிலும் கூட நிற்கிறார்கள். எல்லாக் கல்லூரிகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மனம் மாறினால்

உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிவை நீக்கிவிட்டோம் என்று அவர்களிடமிருந்து பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் வைத்திருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழைய படிவத்தைப் பார்த்து அவர்கள் கல்லூரிக்கு போன் செய்துவிடுவார்கள்.